அடுப்பில் காலை நீட்டிய பேயும் என் ரசனையும்

பழைய தெலுங்கு மாயாஜாலப் படங்களின் இயக்குநர் விட்டலாச்சார்யாவைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழ் நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருபது ஆண்டு கால நண்பர், "இதையெல்லாம் ரசிப்பவர் இனி உலக சினிமாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதி, என்னிடம் கேட்டு வாங்கி அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் போட்டவை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவருடைய 'ஜகன்மோகினி'யை நான் கிண்டலுக்காகப் பார்ப்பதில்லை, பிடித்துத்தான் பார்க்கிறேன். 1978-இல் வந்த அந்தப் படத்தில், விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்பில் நீட்டி எரியவிட்டுச் சமைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, இந்த மனிதருக்கு இது எப்படித் தோன்றியது என்ற வியப்பும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் அந்தச் சுகம். கணினி வரைகலை இல்லாத காலத்து மாயாஜாலப் படங்களில் கம்பி கண்ணுக்குத் தெரியும்தான். தெரிந்தால் என்ன? தெருக்கூத்தில் துரியோதனன் வரும்போது இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்துதானே விடிய விடியப் பார்த்தோம்?

அமெரிக்க இயக்குநர் எட் வுட்டின் 'பிளான் 9' படத்தில் பறக்கும் தட்டுகளைத் தாங்கும் கம்பி தெரிவதை மெச்சி, இதே நண்பர் இரண்டு பதிவுகள் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் கம்பி தெரிந்தால் அது தனி ரசிகர் கூட்டம் கொண்டாடும் 'கல்ட்' படம், ஆந்திராவில் தெரிந்தால் மொக்கை.

மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்பார்கள். படம் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் யாரும் அடுப்பில் காலை வைத்ததாகத் தகவல் இல்லை. பெண்களைக் காட்டிய விதம் மோசம் என்பார்கள். ஆமாம், மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் தங்கள் பட்டியலில் உள்ள மேதைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா?

இயக்குநர் கோடி ராமகிருஷ்ணாவின் தெலுங்குப் படம் 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' என்று வந்தபோது, அம்மா என்னை எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ரம்யா கிருஷ்ணன் விழியை உருட்டியதும் பெண்கள் பக்கத்தில் மூன்று பேருக்குச் சாமி வந்துவிட்டது. டிக்கெட் கிழிப்பவர் வேப்பிலையோடு ஓடிவந்தார். வாடாமல் இருக்க அதை வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அம்மா ஆடவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய வளையல் அழுந்திய தடம் வீடு வந்து சேரும்வரை என் மணிக்கட்டில் இருந்தது. எனக்கு வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்கையும் பிடிக்கும், ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியையும் பிடிக்கும், நிரூபிக்கச் சான்றிதழ் வேண்டுமென்றால் வாங்கித் தருகிறேன். ஆனால் நண்பரே, 'ரசனையற்ற கூட்டம்' என்று நீங்கள் எழுதியபோது, அந்தக் கூட்டத்தில் மூன்றாவது பெஞ்சில் என் அம்மா உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், வாடகைக்கு எடுத்த 'ஜகன்மோகினி' குறுந்தகடு இரண்டாம் பாதியில் நின்றுபோனது. விடிந்தால் தேர்வு, படுக்கலாம் என்றேன். அதை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து மறுபடி ஓடவிட்டவர் நீங்கள்தான்.