ஒரு கியர் ஆயில் வாங்க இவ்வளவு அல்லாட்டமா?

பிக்கப் வண்டியோட பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இன்ஜின் சக்தியை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரப் பெட்டிக்கு, ஆயில் மாத்தணும். வேலை என்னவோ ஒரு மணி நேரம்தான். எந்த ஆயில்னு முடிவு பண்ணவே மூணு நாள் போச்சு.

கையேட்டுல போட்டிருக்கிற கெட்டி அளவு 75டபிள்யூ-90 (முதல் எண் குளிருக்கு, ரெண்டாவது சூட்டுக்கு). கைக்குக் கிடைக்கிறது 80டபிள்யூ-90. கேட்டா "ரெண்டும் ஒண்ணுதான்"ங்கிறாங்க. ஒண்ணு இல்லைங்க! சூட்டுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டி. கடுங்குளிர்ல 80 முதல்லயே இறுகிடும். ஆயில் எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு சொல்ற தரம் ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆன்னு மட்டும் குழம்பாதீங்க. டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கிற ஹைப்பாய்டு பல்சக்கரம் (மையம் விலகிப் பொருந்துற வகை) உருளும்போதே உரசி வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்துக்கு ஜிஎல்-5தான் தாங்கும்.

எனக்கு வயிறு எரியறது லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தாம தடுக்கிற டிஃபரன்ஷியல் வகை) விஷயத்துலதான். உள்ளே கிளட்ச் தகடு இருந்தா ஃப்ரிக்ஷன் மாடிஃபையர்ங்கிற, உரசலைச் சீராக்குற சேர்மானம் வேணும், இல்லாட்டி மெதுவா திரும்பும்போது பின்பக்கம் கடகடன்னு அதிரும். சில ஆயில்ல அது கலந்தே வருது, சிலதுல நாமதான் தனியா ஊத்தணும். இந்த ஒரு வரியை டப்பாவோட முன்பக்கம் பெருசா போட்டா என்ன? பின்னாடி, எறும்பு எழுத்துல, அதுவும் கைப்பிடி மறைக்கிற இடத்துல போட்டிருக்கான். டார்ச் அடிச்சுப் படிச்சேன். சரி, என் வண்டியில லிமிடெட் ஸ்லிப் இருக்கான்னு பாக்கலாம்னு அடியில படுத்தா, அச்சுல இருந்த அடையாளத் தகடு எழுத்தே தெரியாம துருவேறிக் கிடக்கு.

இன்னொண்ணு. வடிக்கிற போல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஊத்துற போல்ட் கழலுதான்னு பாத்துடுங்க, இல்லாட்டி பழசை வடிச்சிட்டுப் புதுசை ஊத்த வழியில்லாம நிப்பீங்க. என்னோடது அரை நாள் அசையவே இல்லை.