மதுரை கேசட் கம்பெனிகளை யார் எழுதுவது?

தமிழ் ரெக்கார்டு வரலாறு என்று யார் எழுதினாலும் எச்எம்வி, கொலம்பியா, ஓடியன், ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று சென்னையைச் சுற்றியே முடித்துவிடுகிறார்கள். மதுரைப் பொண்ணு எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-ல் பத்து வயதில் முதல் ரெக்கார்டு கொடுத்தார், அதோடு நம்ம ஊர் பங்கு முடிந்துபோகிறது. எச்எம்வி தட்டு அச்சானது கல்கத்தாவில். அவ்வளவு தூரம் போய் அச்சடித்துக் கொண்டுவருகிற கம்பெனி, சபாவிலும் சினிமாவிலும் பெயர் எடுத்தவரைத்தான் கூப்பிடும், சித்திரைத் திருவிழாவில் அழகரைப் புகழ்ந்து அழகர் வர்ணிப்பு பாடுகிறவரைக் கூப்பிடாது.

அவரைக் கூப்பிட்டது எண்பதுகளில் வந்த கேசட்டுதான். மைக்கும் ஸ்பூல் டேப்பும் வைத்த ஒரு அறை, மாஸ்டர் டேப்பை, அதாவது மூலப் பதிவைப் போட்டு காப்பி எடுக்க ஒரு மெஷின் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம், அட்டை அச்சடிக்க பக்கத்திலேயே சிவகாசி. வர்ணிப்பு, முளைப்பாரிக் கும்மி, ஒப்பாரி, நையாண்டி மேளம் எல்லாம் அப்படித்தான் கடைக்கு வந்தன. தனித்தனியாகக் கூப்பிட்ட நடிகர்கள் சேர்ந்து நடிக்கிற ஸ்பெஷல் நாடகமும் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் நாடக சபை நடத்திய ஊர் இது, அவருடைய வள்ளி திருமணத்தை இன்றைக்கும் திருவிழாவில் விடிய விடிய நடத்துகிறார்கள். வேலனும் வள்ளியும் மணிக்கணக்கில் செய்கிற தர்க்கத்தை ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுகிற நாடாவில் அடக்க வேண்டும் என்றால் எதை வெட்டுவது, எதை வைப்பது? அந்த முடிவை எடுத்தவர்கள் ரெக்கார்டிங் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். என்னைக் கேட்டால் அதுவும் பதிப்பாசிரியர் வேலைதான். ஏட்டைப் பதிப்பித்தவர்களைக் கொண்டாடுகிற நாம் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

கோபமும் உண்டு. பல அட்டைகளில் தலைமைப் பாடகர் பெயருக்குக் கீழே 'குழுவினர்' என்று மட்டும்தான் இருக்கும். பின்பாட்டு பாடிய பெண் யார், பம்பை அடித்தவர் யார், எந்த ஊர், எதுவும் கிடையாது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்தது என்பதுதான் அன்றைய வழக்கம், அது அநியாயம்தான்.

அப்புறம் எம்பி3 சிடி வந்தது, ஒரே தட்டில் நூறு பாட்டு, சின்னக் கம்பெனிகள் தாக்குப்பிடிக்கவில்லை. கடையைக் காலி செய்யும்போது மாஸ்டர் டேப்புகளை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள், பழைய பேப்பர்காரருக்குக்கூட அது வேண்டாத சரக்கு. சட்டப்படி ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டு உரிமை, அதாவது 1985-ல் வெளிவந்த கேசட்டின் உரிமை 2045 கடைசியில்தான் முடியும். நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பரணில் கிடக்கிற நாடா அதுவரைக்கும் தாங்குமா? உரிமைக்காரர் யார் என்று தெரியாததால் தொட முடியவில்லை, தொடாமலே விட்டால் அழிந்துபோகும், இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பம்பாயில் யங் இந்தியா என்று ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி 1935 முதல் 1955 வரை இருந்தது. பெரிய கம்பெனிகள் எடுக்காத பாடகர்கள் அதில் நிறைய. மூடிப் பல வருஷம் கழித்து ரெக்கார்டு சேகரிப்பாளர்கள் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு அந்தத் தட்டுகளைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கினார்கள். நமக்கு அவ்வளவு சிரமம்கூட இல்லை, பாடியவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு அறை, கேசட் ஓட்ட இரண்டு நல்ல டெக், வேலை தெரிந்த ஒருவர், இது அரசாங்கத்துக்குப் பெரிய செலவா? வெளியிட உரிமை இல்லையென்றால் பரவாயில்லை, முதலில் காப்பாற்றி வைக்கட்டும், வெளியிடுவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அதுவரை உங்கள் வீட்டில் உள்ளூர் கம்பெனி கேசட் இருந்தால் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், பாடியவர்களை அடையாளம் தெரிந்தால் பெயரையும் ஊரையும் எழுதி உள்ளே வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் அறுந்துபோகும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும்.