"என்ன ஊத்தலாம்?" என்று கேட்பதற்கு முன்னால்

இலை மஞ்சளானால் "என்ன ஊத்தலாம்?" பூ உதிர்ந்தால் "என்ன தெளிக்கலாம்?" செடி வாடினால் "என்ன போடலாம்?" வீட்டுத்தோட்டத்தில் என்ன கோளாறு வந்தாலும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை, ஆளுக்கொரு கரைசல் கையில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. தொட்டிச் செடியில் பாதிக் கோளாறு தண்ணீரிலும் வேரிலும்தான் இருக்கிறது. அதன் மேல் கரைசலை ஊற்றினால், இருந்த ஒரு பிரச்சினை இரண்டாகும்.

எதையும் கையில் எடுப்பதற்கு முன் நான்கு விஷயம் பார்த்தாக வேண்டும். கோளாறு அடி இலையிலா, கொழுந்திலா? இலையின் மேல்பக்கமா, அடிப்பக்கமா? செடி வாடுவது எந்த நேரத்தில்? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டால் ஈரம் தட்டுகிறதா? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் யார் மருந்து சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

மஞ்சள் இலையையே எடுத்துக்கொள்வோம். அடி இலைகள் முழுக்க ஒரே சீராக வெளிறிக்கொண்டு வந்தால் தழைச்சத்துக் குறைவு. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதே அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கலந்து இலையில் தெளித்தால் போதும். ஆனால் இதே நரம்புக்கோலம் கொழுந்தில் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு செடிக்குள் இடம் மாறாது, அதனால்தான் புது இலையில் முதலில் தெரிகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மண்ணில் இரும்பு இல்லாமல் போவது குறைவு. மண் காரமாகிவிட்டாலோ, வேர் ஊறிக் கிடந்தாலோ இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. வடிகாலைச் சரிசெய்யாமல் இரும்பைக் கொட்டிப் பயனில்லை.

இன்னொரு மஞ்சள் உண்டு. மக்காத எருவைக் கலந்து நட்ட பத்துப் பதினைந்து நாளில் வருவது. மரத்தூள், காய்ந்த இலை, அரைகுறைக் கம்போஸ்ட் எல்லாம் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தங்களுக்கே இழுத்துக்கொள்ளும். கலவைக்குள் கையை விட்டால் சூடாக இருக்கிறதா, மூக்கில் ஏறும் நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இன்னும் மக்கவில்லை. நன்றாக மக்கிய எருவில் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும்.

வாடலுக்கு வருவோம். நண்பகலில் தலை தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் அது நோய் இல்லை. பரங்கி, வெள்ளரி போன்ற அகல இலைக்காரர்கள் வெயிலில் இப்படித்தான் நடிப்பார்கள். காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், முடிந்தது. மண் ஈரமாக இருந்தும் வாடுகிறதென்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஊறிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. செடி பார்ப்பதற்குத் தாகத்தில் இருப்பதுபோலவே இருக்கும். நாமும் பாவம் பார்த்து இன்னொரு குவளை ஊற்றுவோம், கதை முடிந்துவிடும். ஓரத்து மண்ணைக் கொஞ்சம் கிளறி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும்.

தென்னை நார்த்தூள் நிறையச் சேர்த்த செடிப் பைகளில் இதற்கு நேர்மாறான கூத்து நடக்கும். நார்த்தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். மேலே ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாகச் சில நொடிகளில் அடித்துளையில் கொட்டும். நாம் "தண்ணி நல்லா போயிருக்கு" என்று திருப்திப்படுவோம், நடுவில் வேர்ப்பந்து எலும்பாகக் காய்ந்து கிடக்கும். பையைத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும். வாளியில் தண்ணீர் நிரப்பி, பையை அரை மணி நேரம் அதில் உட்கார வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறும்.

இனி, எந்தக் கரைசலுக்கும் கட்டுப்படாத ஒன்று. தக்காளி, கத்தரி, மிளகாயில் ஒரு இலைகூட மஞ்சளாகாமல், பச்சையாகவே நேற்று நன்றாக இருந்த செடி இன்று தொங்கிவிடும். பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். வீட்டிலேயே உறுதி செய்யலாம். தரைக்குச் சற்று மேலிருந்து மூன்று நான்கு அங்குலத் தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் அடிவெட்டு மட்டும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஆட்டாமல் வெளிச்சத்துக்கு எதிராக வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து வெள்ளைப் புகைபோல நூல்நூலாக இறங்கி டம்ளரின் அடியில் கலங்கல் சேரும். வடிவது முழுக்க பாக்டீரியா. அப்படி எதுவும் இறங்காமல், செடியில் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அது பூஞ்சை வாடல்.

இரண்டுக்கும் வந்தபின் மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அந்தப் பையிலிருந்து வடியும் தண்ணீர் பக்கத்துப் பைக்குப் போகக்கூடாது. அந்த மண்ணில் தக்காளிக் குடும்பத்தை மறுபடி நடக்கூடாது. ஆண்டுதோறும் தொல்லை வருகிற இடத்தில், சுண்டைக்காய்ச் செடியை அடிக்கட்டையாக வைத்து ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றுகள் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

மிளகாய் இலைச்சுருட்டையில் நடக்கும் குழப்பம் தனி ரகம். சுருட்டை என்றாலே எல்லாருக்கும் ஒரே வைத்தியம். ஆனால் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகுபோல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகுபோல ஆகி, இலை குறுகிக் காம்பு நீண்டால் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிர்). கொழுந்துக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து நான்கு தட்டு தட்டுங்கள். மெல்லிய, நீளவாக்கான மஞ்சள் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். சிலந்தி பூச்சியினமே இல்லை. அதனால் பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாமல், அதைத் தின்னும் நல்ல உயிர்களை மட்டும் கொன்றுவிடும். தெளித்தபின் சுருட்டை கூடுவது இதனால்தான். சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலந்து தெளிப்பது), லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வேண்டாம். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் வேண்டாம். கொடிக்காய்களின் இலை கந்தகத்தில் கருகக்கூடும், அங்கேயும் வேண்டாம். ஒருமுறை சுருண்ட இலை திரும்ப விரியாது. புதுத் துளிர் ஒழுங்காக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய் நல்லதுதான், கலக்கத் தெரிந்தால். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி ஆட்டினால் அது கலக்காது. முதலில் 5 மில்லி எண்ணெயோடு 1 அல்லது 2 மில்லி மென்மையான திரவ சோப்பைக் குழைக்க வேண்டும். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பால்போல ஆனபிறகு ஒரு லிட்டராக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் அந்தக் கலவை இலையை எரிக்கும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் பளபளக்க அடித்தால் பூச்சிக்கு மழையில் குடை பிடித்ததுபோல ஆகிவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். தெளிக்கும்போது தப்பிய முட்டைகள் பொரிக்கும், எனவே ஐந்தாறு நாளில் இன்னொரு முறை. துணி துவைக்கும் பவுடரைச் சோப்புக்குப் பதில் போட வேண்டாம்.

மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வந்தால் எறும்பைப் பாருங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், இரைவிழுங்கிகளைக் கிட்டே விடாது. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் பூச்சியை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் ஓயாத வேலை.

வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோல ஆனால் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. பிடுங்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

தக்காளியின் அடிப்பக்கம் கருத்துத் தோல்போலக் குழிவிழுவதற்கு முட்டை ஓட்டுத்தூளைப் பரிந்துரைக்காத ஆள் இல்லை. கால்சியம் குறைவு என்பது உண்மை, ஆனால் குறைவது காயில். மண்ணில் பெரும்பாலும் போதுமானது இருக்கும். கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இலை நிறைய நீரை ஆவியாக்கும், அதனால் பெரும்பங்கு அங்கே போய்விடும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டினால் காய்க்கு வர வேண்டியது தடைபடும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும், அதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். இதற்கு எப்சம் உப்பு போடுவது இன்னும் மோசம், மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டிக்கு நிற்கும். செய்ய வேண்டியது வேறு: தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி, மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, ஒழுங்கான நேரத்தில் தண்ணீர். தழைச்சத்தைக் குறையுங்கள். கருத்த காயைக் கிள்ளிப் போடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

பூ உதிர்வதில் வெப்பத்தின் பங்கைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. அப்போது பூ உதிராமல் இருந்தால்தான் அதிசயம். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம், காலையில் பூங்கொத்தை லேசாகச் சுண்டிவிடலாம். மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான்.

கொடிக்காய்களில் "பூவெல்லாம் கொட்டுது" என்ற புகாரில் பாதி ஆண்பூ. முதலில் ஆண்பூக்கள்தான் வரும், ஒரு நாள் இருந்து உதிரும், அது இயல்பு. பூவுக்குப் பின்னால் குட்டிக்காய் இருந்தால்தான் பெண்பூ. அந்தப் பிஞ்சு சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி நுனியிலிருந்து அழுகினால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள். நேரம் முக்கியம். பரங்கி, பாகல், வெள்ளரிக்குக் காலையில். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் மலரும், அவற்றைக் காலையில் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும். காயில் ஊசி குத்தினதுபோலப் புள்ளியும் பிசினும் தெரிந்தால் பழ ஈ முட்டை வைத்துவிட்டது. மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சைத் துணிப்பையால் மூடுவதுதான் நிச்சயமான வழி. விழுந்த காயை அப்படியே விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை தயார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சுரைக்காய் நுனியை வெட்டி நாக்கில் வைத்தவுடன் கடுங்கசப்பு அடித்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, உடம்புக்கு ஆபத்து.

கடைசியாகப் பழைய மண். பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, மண்ணில் வாழும் நுண்ணிய புழு. அவரைக் குடும்பத்து வேரில் மட்டும் அவசரப்படாதீர்கள். அங்கே நல்ல முடிச்சும் உண்டு. நகத்தால் தள்ளினால் அது தனியாக உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது, உதிராது. அந்த மண்ணைக் கோடையில் தரையில் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் விரிப்பால் இறுக்கமாக மூடி நான்கு முதல் ஆறு வாரம் முழு வெயிலில் விடுங்கள். கறுப்பு விரிப்பு வேண்டாம், அது தான் சூடாகுமே தவிர மண்ணை அந்த அளவு சூடாக்காது. ஓரங்களில் மண் போட்டு அமுக்குங்கள், காற்று உள்ளே நுழைந்தால் சூடு நிற்காது.