டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

நேற்று குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்வி. பழைய டிராக்டர் இருக்கிறது, இழுவை சிக்கிள் மோவர் (தரையோடு நீளும் பாரில் கத்தி இட வலமாக ஓடிப் புல் வெட்டும் கருவி, தன் சக்கரத்தில் டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டு வருவது) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா, இல்லை மவுண்டட் (டிராக்டரிலேயே தூக்கி மாட்டுவது) கிடைக்கும்வரை பொறுக்கலாமா என்று. வந்த பதில்களில் முக்கால்வாசி "இழுவையா? காயலான் கடையில் போடு" என்ற ரகம். "தம்பி, உன் டிராக்டர் எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பையன் இரவோடு இரவாகப் பதிவையே எடுத்துவிட்டான்.

அங்கே எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். மோவரைப் பற்றிப் பேசும் முன் டிராக்டரைப் பாருங்கள். இழுவையா மவுண்டடா என்பதை அதுதான் முடிவு செய்யும். நீங்களோ நானோ, நேற்று சிரித்த பொம்மை போட்டவர்களோ முடிவு செய்வதில்லை.

மவுண்டட் மோவரை மாட்ட த்ரீ பாயிண்ட் வேண்டும், அதாவது கருவியை மூன்று இடத்தில் பிடித்துத் தூக்கும் பின்பக்க லிஃப்ட் கைகள். எல்லா டிராக்டரிலும் அது பிறவியிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஃபெர்குசனின் ஹைட்ராலிக் த்ரீ பாயிண்ட்டோடு ஃபோர்டு 9என் வந்தது 1939-ல். அதே 1939-ல்தான் ஃபார்மால் எச், எம் இரண்டும் வந்தன. அவற்றில் த்ரீ பாயிண்ட் கிடையாது. ஜான் டீர் ஏ, பி இரண்டும் 1952 வரை தயாரானவை, அவற்றிலும் கிடையாது. இப்படிப்பட்ட டிராக்டரின் பின்னால் இருப்பது கருவியை மாட்டி இழுக்கும் டிராபாரும், இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் ஷாஃப்ட்டான பிடிஓவும்தான். அதில் மவுண்டட் மாட்ட வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே செய்த பிராக்கெட் முழு செட்டாகக் கிடைக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் வாங்கிய மோவர் கொட்டகையில் சாய்ந்து கிடக்கும். இழுவைக்கு டிராபாரில் ஒரு ஊசியும் பிடிஓ இணைப்பும் போதும், மாட்டிவிட்டுக் கிளம்பலாம். இதைச் சொன்னால் நான் பழமைவாதியா?

"என் டிராக்டரில் த்ரீ பாயிண்ட் இருக்கிறதே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். இருந்தால் மட்டும் போதாது. ஃபோர்டு 9என், 2என், 8என், ஃபெர்குசன் டிஇ20 எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் பம்ப் ஓடுவது பிடிஓ ஷாஃப்ட்டிலிருந்து. பிடிஓவை விடுவித்தால் லிஃப்ட் தூக்காது. கிளட்சை மிதித்தாலும் தூக்காது. ஓட்டிக்கொண்டு போகும்போது புல்லுக்குள் ஒரு மரக்கட்டை தெரிகிறது, கால் தானாகக் கிளட்சுக்குப் போகிறது, கை லிஃப்ட் லீவரை இழுக்கிறது. பார் எழும்பாது. ஓட்டுகிறவன் மேல் தப்பே இல்லை, வண்டியின் அமைப்பு அப்படி. அதே வண்டியில் கயிற்றாலோ கை லீவராலோ பாரைத் தூக்கும் இழுவை மோவர் இருந்தால், கிளட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பாரைத் தூக்கலாம். பின்னால் வந்த, தனி பம்ப் உள்ள டிராக்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் முதலில் டிராக்டரைப் பாருங்கள் என்கிறேன்.

அடர்ந்த குதிரைமசாலில் கத்தி அடைக்க ஆரம்பித்தால் என்ன செய்வோம்? வண்டியை நிறுத்தி, கத்தியை மட்டும் ஓடவிட்டு, அது வெட்டித் தெளிந்தபின் நகர்வோம். அதற்கு லைவ் பிடிஓ வேண்டும், அதாவது கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும் பிடிஓ. காக்ஷட் 30 டிராக்டர் அதை 1946-ல் கொண்டுவந்தது, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். அதற்கு முந்தைய வண்டிகளில் கிளட்சை மிதித்தால் வண்டியும் நிற்கும், கத்தியும் நிற்கும். மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்சை விட்டு, கத்தி ஓடித் தெளிந்தபின் மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். இந்தக் குறை இழுவைக்கும் உண்டு, மவுண்டடுக்கும் உண்டு. ஆனால் நேற்று இதையும் இழுவையின் பாவக் கணக்கில் எழுதினார் ஒருவர். கத்தி அடைப்பதற்கும் மோவர் சக்கரத்தில் வருகிறதா, லிஃப்டில் தொங்குகிறதா என்பதற்கும் என்ன சம்பந்தம்?

என் பெரியப்பாவிடம் ஒரு இழுவை மோவர் இருந்தது. நான் புல் வெட்டக் கற்றது அதில்தான். பார்க்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள் என்று அண்ணன் (பெரியப்பா மகன்) அதை விற்றுவிட்டு, அதே டிராக்டருக்கு ஒரு மவுண்டட் வாங்கி வந்தார். புதிதாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த டிராக்டரின் லிஃப்ட் சிலிண்டர் தேய்ந்து, தூக்கி வைத்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மவுண்டட் மோவருக்குச் சட்டத்தின் உயரம் நிலையாக நிற்க வேண்டும். அது இறங்கினால் பாரின் சாய்வு மாறும், விரல்களின் (பாரில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முனைகள்) நுனி மண்ணைக் குத்தும். ஒரு சாலில் நன்றாக வெட்டும், அடுத்த சாலில் மண்ணை அள்ளும். பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இடுப்புல வலு இல்லாதவன் முதுகுல எதுக்குடா மூட்டை ஏத்துறே?" கடைசியில் லிஃப்ட் கைகளைச் சங்கிலி போட்டு உயரம் நிறுத்தித்தான் அண்ணன் அதை ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். சங்கிலி போடுவது சரியான வழிதான், நல்ல லிஃப்ட் இருந்தாலும் போடலாம். ஆனால் அதை வாங்கும் முன் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? கேலி பேசியவர்களில் ஒருவராவது அந்தச் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தார்களா?

இனி "நீங்கள் இழுவைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்பவர்களுக்கு. ஆமாம், இழுவையின் குறைகள் எனக்கும் தெரியும். மூலையில் திரும்ப இடம் கேட்கும். ரிவர்ஸ் எடுப்பது கஷ்டம். குறுகலான துண்டு நிலத்தில், மரங்களுக்கு நடுவே, வேலி ஓரத்தில் மவுண்டட் மோவர்தான் நல்லது. லிஃப்ட் உறுதியாக உள்ள, தனி பம்ப்பும் லைவ் பிடிஓவும் உள்ள டிராக்டர் என்றால் நானே மவுண்டட் வாங்கச் சொல்வேன். ஆனால் அவன் கேட்டது அந்த டிராக்டருக்கு இல்லையே.

"இழுவைக்கு இரண்டு ஆள் வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது குதிரை பூட்டிய காலத்து மோவர். அதில் சக்கரம் உருண்டால்தான் கத்தி ஓடும், லீவரைத் தூக்க அதன் சீட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டும். குதிரை நடைக்குக் கட்டியதை டிராக்டர் வேகத்தில் இழுத்தால் உடையத்தான் செய்யும். பிடிஓவில் ஓடும் இழுவை மோவர் வேறு இனம். அதை ஓட்டுபவர் தன் சீட்டிலிருந்தே கயிறு இழுத்துத் தூக்கலாம், வண்டியில் கருவிக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் ரிமோட் ஹைட்ராலிக் இருந்தால் சிலிண்டரிலேயே தூக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் திட்டுகிறவர் இரண்டையும் கிட்டத்தில் பார்த்ததில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

"இந்தக் காலத்தில் சிக்கிளே எதற்கு, டிஸ்க் மோவர் வாங்கு" என்றவர்களும் உண்டு. அது சுழலும் தட்டுகளால் வெட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டு அகலம் ஒரு மீட்டருக்குச் சிக்கிள் பார் கேட்கும் பிடிஓ சக்தி சுமார் 1.2 கிலோவாட், டிஸ்க் கேட்பது சுமார் 5 கிலோவாட். பழைய டிராக்டர் வைத்திருப்பவன் இந்த வித்தியாசத்தை எங்கே போய் வாங்குவான்? டிராக்டரையும் மாற்று என்பீர்கள். அதைச் சொல்வது உங்களுக்குச் சுலபம்.

எனக்கு வலித்தது என்ன தெரியுமா? மோவர் வாதத்தைக்கூட விட்டுவிடலாம். "பெரிசுங்ககிட்ட கேட்டா இப்படித்தான், துருப்பிடிச்ச யோசனைதான் வரும்" என்று ஒரு கமெண்ட், அதற்கு வரிசையாக லைக். அந்தப் பெரிசுகளில் என் பெரியப்பாவும் உண்டு. பாரின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்று முன்னால் நிற்க வேண்டும், ஒரு அடிக்குக் கால் அங்குலம், 7 அடி பாருக்கு ஒன்றே முக்கால் அங்குலம் என்று நூல் கட்டி அளந்து காட்டியது அவர். வேலை செய்யும்போது புல் தள்ளும் விசையில் பார் பின்வாங்கி நேராகிவிடும் என்று காரணத்தையும் சொல்லிக் கொடுத்தார். கத்திப் பல் ஒவ்வொன்றும் ஓட்டத்தின் இரண்டு முனையிலும் விரலின் நடுவில் வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எந்தச் சாணையும் உதவாது என்று சொன்னதும் அவரே. நேற்று லைக் போட்டவர்களில் எத்தனை பேர் தன் மோவரில் இதை அளந்திருக்கிறீர்கள்? பாதிப் பேர் "மோவர் சரியில்லை" என்று விற்பது இந்த இரண்டு அளவும் தப்பிப்போனதால்தான் என்று நான் நம்புகிறேன். இழுவையோ மவுண்டடோ, அளவு தப்பினால் இரண்டும் புல்லை மென்று துப்பும்.

அந்தத் தம்பி இதைப் படித்தால் அவனுக்குச் சில வார்த்தை. உன் டிராக்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்பு. த்ரீ பாயிண்ட் இல்லை என்றாலோ, இருந்தும் லிஃப்ட் இறங்குகிறது என்றாலோ, அந்த இழுவையைப் போய்ப் பார். கத்தியை ஓட்டும் பிட்மேன் கம்பின் இரு முனையிலும் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார். பாரின் உள்முனையைத் தாங்கும் உள் ஷூவின் கீல் தேய்ந்து பார் தொங்குகிறதா பார். தடையில் மோதினால் பார் பின்னால் மடங்கிக்கொடுக்கும் அமைப்பு துருப்பிடித்து இறுகியிருந்தால், அதைச் சரி செய்யாமல் நிலத்தில் இறக்காதே. பற்களும் விரல்களும் தேய்ந்திருந்தால் பயப்படாதே, அவை மாற்றும் சாமான்கள். டிராபார் ஊசித் துளைக்கும் பிடிஓ ஷாஃப்ட் முனைக்கும் நடுவே 14 அங்குலம் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும் பிடிஓவுக்கு அதுதான் அளவு. குறைந்தால் திரும்பும்போது ஷாஃப்ட் உடையும். ஷாஃப்ட்டின் மூடி இல்லாமல் விற்றால், விலையைக் குறைத்துக்கொண்டு முதல் வேலையாகப் புது மூடி வாங்கிப் போடு. அடைப்பை எடுக்க இறங்கும்போது பிடிஓவை விடுவித்து, இன்ஜினையும் அணைத்துவிட்டு இறங்கு. நின்றிருக்கும் கத்தியும் கை பட்டால் நகரும், விரலை வெட்டும்.

இதற்குக் கீழேயும் வந்து காயலான் கடை என்று எழுதப் போகிறவர்கள், முதல் வரியில் உங்கள் டிராக்டரின் மாடலையும் அதில் லைவ் பிடிஓ உண்டா இல்லையா என்பதையும் எழுதிவிட்டு மேலே எழுதுங்கள். அது இல்லாத கமெண்ட்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.