குவாய் பாலப் படம் உண்மைக் கதையா?

1957-இல் டேவிட் லீன் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' படத்தின் காட்சியைப் போட்டு, "இது அப்படியே நடந்தது, ஆங்கிலேயக் கர்னல் ஜப்பானியருக்கு விரும்பிப் பாலம் கட்டித் தந்தார், ரயில் வரும்போது அது வெடித்தது" என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு.

படத்துக்கு மூலம் பியர் பூல் எழுதிய நாவல். அந்தக் கர்னல் கற்பனைப் பாத்திரம். இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தில் ஜப்பானியரின் தாமர்கான் முகாமில் போர்க்கைதிகளுக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி நேர் எதிர்: வேலையைத் தாமதப்படுத்தத் தூண்டினார். கைதிகள் கரையான்களைப் பிடித்துவந்து மரத்தூண்களில் விட்டார்கள். கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். படத்தின் கொடூரத் தளபதி சைத்தோவின் பெயரில் உண்மையில் இருந்தவர் ஒரு சார்ஜென்ட் மேஜர்தான். போருக்குப் பின் அவருக்காகப் பரிந்து பேசியவரே டூசி!

பாலம் ஒன்றல்ல, மரத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று. இரண்டையும் 1945-இல் தாக்கியவை நேச நாட்டு விமானங்கள். பழுதுபார்க்கப்பட்ட இரும்புப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. திரையில் தகர்ந்ததோ இலங்கையின் கித்துல்கலையில் படத்துக்காகக் கட்டிய பாலம்.

நம்மவர் பகிரும்போது ஒன்றைச் சேர்க்கலாம்: மலாயாத் தோட்டங்களிலிருந்து, அந்தப் பாலங்கள் அமைந்த சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்களைப் பற்றிப் படம் வாய் திறப்பதில்லை.