யமுனை வெள்ளத்துக்குக் காரணம் பனி அல்ல, மழை

சார், 2023இல் டெல்லிக்குள் புகுந்தது இமயமலைப் பனி உருகிய தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியின் மயூர் விகார் பக்கம் யமுனை கறுத்து, மெலிந்துதான் கிடக்கும். ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டதற்கு முக்கியக் காரணம், மலையில் சில நாள்களாகக் கொட்டிய மழை. அதுவரை உச்சமாக இருந்த 1978 வெள்ளத்தின் 207.49 மீட்டரையே தாண்டிவிட்டது. எருமைகளோடு சாலையோரம் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களை மறக்க முடியவில்லை.

அப்போ வெப்பமயமாதலுக்குப் பங்கே இல்லையா? உண்டு, வழிதான் வேறு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். மலையில் பனியாகத் தங்க வேண்டியதும் மழையாக விழுந்து உடனே ஆற்றுக்கு வந்துவிடும்.