பொம்பெய் போகிறவர்களே, அந்த மதில்களுக்கு வெளியேயும் வாருங்கள்

இத்தாலிக்குக் கிளம்பும் நண்பர்கள் தங்கள் பயணத் திட்டத்தைக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம்தான் மிஞ்சுகிறது. பொம்பெய்க்கு அரை நாள். அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, பொம்பெய் என்ற ரோமானிய நகரத்தோடு, அதற்குச் சோறு போட்ட பண்ணைகளும் செல்வந்தர்களின் கடற்கரை மாளிகைகளும் சேர்ந்தே புதைந்தன. அவற்றை விட்டுவிட்டுத் திரும்புவது, கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்தேன் என்பதைப் போன்றது.

பொம்பெயில் கூட்டம் தாங்காமல் 2024 நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பே வைத்துவிட்டார்கள். நேப்பிள்ஸிலிருந்து வரும் அதே ரயிலில் சற்று முன்னதாக, தோர்ரே அனுன்ஸியாத்தாவில் இறங்கிப் பாருங்கள். இன்றைய ஊரின் கட்டடங்களுக்கு நடுவே பெரிய பள்ளம். அதற்குள் ஒப்லான்டிஸ் மாளிகை. நீரோ மன்னனின் இரண்டாம் மனைவி பொப்பேயாவின் குடும்பத்துக்குச் சொந்தமானதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நீச்சல் குளம் மட்டுமே ஏறக்குறைய 60 மீட்டர் நீளம்.

அங்கே ஒரு சுவரில் பழக்கூடை ஒன்று வரையப்பட்டிருக்கிறது. கூடையின் மேல் மெல்லிய துணி. துணிக்குள்ளிருந்து பழங்களின் நிறம் மங்கலாகத் தெரிகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஓர் ஓவியன் வண்ணத்தால் துணி நெய்திருக்கிறான்! அப்படியே வேலையாட்கள் புழங்கிய முற்றத்துக்கு வாருங்கள். பழமும் இல்லை, மயிலும் இல்லை. வரிக்குதிரைக் கோடுகள்தான் சுவர் முழுக்க. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் சுவர்களே சொல்லியிருக்கின்றன. ரோமானிய அடிமை முறையைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இவ்வளவு நேராக உறைக்காது.

பொம்பெய்க்குப் பக்கத்து ஊரான போஸ்கோரெயாலேயில் இருக்கும் வில்லா ரெஜினாவில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. சிறிய திராட்சைப் பண்ணை. முற்றத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்த 18 பெரிய மதுத் தாழிகள். கொடிகளின் வேர்கள் மக்கிப்போன இடத்தில் எரிமலைச் சாம்பலுக்குள் வெற்றிடம் நின்றுவிட்டது. அந்தத் தடத்தை வைத்தே இன்று மீண்டும் திராட்சை நட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம். ஆனால் இந்த ஊரில் 1895-இல் கிடைத்த வெள்ளிப் புதையலைப் பார்க்க பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இன்னொரு மாளிகையின் அருமையான சுவரோவியங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். எடுத்த மண்ணிலேயே அவை இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அதே வெடிப்பில் புதைந்த பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்தாபியாவின் கதையும் அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அரசருக்காகத் தோண்டியவர்கள் நல்ல ஓவியங்களை வெட்டி எடுத்துக்கொண்டு மாளிகைகளை மறுபடி மூடிவிட்டார்கள். 1950-இல் அவற்றைத் தேடிக் கிளம்பியவர் லிபெரோ தோர்சி என்ற உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர். சான் மார்க்கோ, அரியான்னா மாளிகைகளில் நாம் இன்று நடக்க முடிகிறதென்றால் அதற்கு அவருடைய பிடிவாதமே காரணம். 2020-இல் குவிஸிஸானா அரண்மனையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மனம் நிறைந்த மரியாதை அது.

ஆகவே பொம்பெயைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். முதலில் பண்ணை, பிறகு மாளிகைகள், அதன் பின் நகரம். சிறிய இடங்களின் திறப்பு நேரமும் விடுமுறை நாளும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.